அலைன்மென்ட் செய்த பிறகும் இழுக்கும் கார்: லோ பண்ணின பழைய கார்களுக்கு அறிகுறி பார்த்துப் பிழை தேடுதல்

ஞாயிறு காலை எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஏதாவதொரு பழைய சிவிக்கோ லான்சரோ சன்னியோ ஜக்கில் ஏறி நிற்கும். கொண்டுவருகிற தம்பிமார் சொல்வது பெரும்பாலும் ஒரே கதை: "அண்ணா, போன கிழமைதான் அலைன்மென்ட் செய்தது, திரும்பவும் இடப்பக்கம் இழுக்குது." கையில், வீல்கள் நிற்கும் கோணங்களை அளந்து அலைன்மென்ட் மெஷின் அச்சடித்த தாளும் இருக்கும். தாளில் எல்லாம் பச்சை. கார் மட்டும் வாய்க்காலைப் பார்த்துப் போகும்.

என்னுடையது 1998 சிவிக் ஃபெரியோ, ஈகே3 மாடல். 45 மி.மீ. இறக்கி, அதாவது லோ பண்ணி, வைத்திருக்கிறேன். இரண்டு சோடி முன் டயரைக் குப்பையில் போட்ட பிறகுதான் ஒழுங்கு முறை பிடிபட்டது. அலைன்மென்ட் கடைசி வேலை. ஆடுகிற பாகம் ஒன்று உள்ளே இருக்கும்போது மெஷினில் ஏற்றினால், நிற்கிற காரைத்தான் அளக்கிறார்கள். ஓடத் தொடங்கியதும் அந்தப் பாகம் வேறு இடத்துக்குப் போய்விடும்.

இன்னொன்றும் ஞாபகத்தில் இருக்கட்டும். இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாங்கள் பழைய காரையே ஓட்டினோம். கம்பனியில் பூட்டிய புஷ் (வீலைப் பிடிக்கும் ஆர்ம்களின் மூட்டில் உள்ள ரப்பர் உருளை) இன்னும் உள்ளே இருந்தால் அந்த ரப்பருக்கு இப்போது 25 வயது தாண்டிவிட்டது.

## எதையும் கழற்றுமுன்

காற்று. இரவு நின்ற காரை ஓட்டுமுன் நாலு டயரையும் ஒரே கேஜால் பாருங்கள். பெற்றோல் ஷெட் மீட்டர் 2 பி.எஸ்.ஐ. கூடக் காட்டினாலும் பரவாயில்லை, நாலுக்கும் அதே மீட்டர் என்றால் போதும். முன் டயர் இரண்டுக்கும் இடையில் 4, 5 பி.எஸ்.ஐ. வித்தியாசம் இருந்தால் காற்றுக் குறைந்த பக்கம் கார் போகும். கம்பனி அளவு டிரைவர் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் இருக்கிறது.

டயர் சோடி. முன்பக்கம் இரண்டும் ஒரே பிராண்ட், ஒரே அளவு, ஒரே அளவு தேய்மானமா? ஒன்று புதிது, மற்றது மொட்டை என்றால் மேலே படிக்க வேண்டாம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

உயரம். சமதரையில் நிறுத்தி, வீலின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நாலு மூலையிலும் டேப் பிடியுங்கள். ஒரே அச்சில் இடமும் வலமும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் ஸ்பிரிங் நுனி உடைந்திருக்கலாம், தன் இருக்கையில் சரியாக உட்காராமல் இருக்கலாம், கொயில் ஓவர் (நட்டைத் திருகி உயரம் மாற்றும் ஸ்பிரிங், ஷொக் அப்ஸோர்பர் சோடி) என்றால் நட் இறங்கியிருக்கலாம். கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை லேன் கடற்பக்கம் சரிவு. அங்கே அளந்து ஒருநாள் ஏமாந்தேன். அதற்குப் பிறகுதான் கீழ்த்தளத்துக் கொங்கிரீட்டைப் பிடித்துக்கொண்டேன்.

ஜக் போடுவதைப் பற்றியும் ஒரு சொல். லோ பண்ணின காருக்குக் கீழே சாதாரண ட்ரொலி ஜக் நுழையாது. இரண்டு பலகைத் துண்டைத் தரையில் வைத்து, முன் வீலை அதன்மேல் ஏற்றிவிட்டு ஜக்கைத் தள்ளுங்கள். தூக்கியதும் ஸ்டாண்ட். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே தலையை விடுகிறவரோடு நான் வேலை செய்ய மாட்டேன்.

## அறிகுறி 1: நேர் வீதியில் ஒரு பக்கம் இழுக்கிறது

ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டியரிங்கை விட்டுவிடாதீர்கள். விரலைத் தளர்த்தினால் போதும். 60 கி.மீ. வேகம், காற்றில்லாத நேரம், வாகனமில்லாத வீதி. கட்டுநாயக்க அதிவேக வீதி விடியக்காலையில் நல்ல இடம்.

### இடப்பக்கம் மெதுவாக ஒதுங்குகிறது

மழைநீர் வடிவதற்காக எங்கள் வீதிகள் இடப்பக்க ஓரத்துக்குச் சரிந்திருக்கும். ஐந்தாறு வினாடி எடுத்து மெல்ல இடப்பக்கம் ஒதுங்கினால் அது வீதியின் சரிவு. அகலமான டயர் போட்ட காரில் கொஞ்சம் கூடத் தெரியும். பெரிய சமதரை வாகனத் தரிப்பிடம் ஒன்றில் எதிரெதிர்த் திசையில் இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். அங்கே நேராகப் போனால் காரில் குறையில்லை, பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

### வலப்பக்கம் இழுக்கிறது, அல்லது இடப்பக்கம் கையைப் பறிக்கிறது

வலப்பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம். சரிவை எதிர்த்து மேலே ஏறுகிறது, ஆகவே காரில் பிழை இருக்கிறது. இந்த ஒழுங்கில் பாருங்கள்.

முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றுங்கள். செலவில்லை, அரை மணி நேர வேலை. இழுக்கும் பக்கமும் சேர்ந்து மாறிவிட்டால் டயருக்குள் பிழை. வெளியில் புத்தம் புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே பெல்ட் கோணலாக அமைந்த டயர் கூம்புபோல் உருளும், ஒரு பக்கம் தள்ளும். அந்த டயரைப் பின்னுக்குப் போட்டால் இழுவை அநேகமாக மறையும். அம்புக்குறி போட்ட டயர் என்றால் தலைகீழாகச் சுழலும். காய்ந்த வீதியில் இரண்டு கிலோமீட்டர் சோதிக்க அது போதும், மழையில் அப்படி ஓடாதீர்கள். பக்கம் மாறவில்லை என்றால் அடுத்ததற்கு வாருங்கள்.

வீல் சூடு. பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓடி நிறுத்தி, புறங்கையை ரிம்முக்குக் கிட்டக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒரு முன் வீல் மட்டும் கொதித்தால் அந்தப் பக்கப் பிரேக் விடவில்லை. காரைத் தூக்கி, ஒருவர் பிரேக்கை அழுத்தி விட, உடனே வீலைச் சுழற்றுங்கள். இறுக்கமாக நின்றால் முதல் சந்தேகம் கலிப்பரின் (பிரேக் பேட்டை அழுத்தும் பிடி) சறுக்கு பின்னில். கிரீஸ் காய்ந்து துருப்பிடித்திருக்கும், கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். அந்தச் சறுக்கு பின் நல்லா இருந்தால், காற்று எடுக்கும் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். திரவம் சீறி வீல் விட்டுவிட்டால் ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கிறது. அப்போதும் விடாவிட்டால் கலிப்பர் பிஸ்டன். இரண்டில் எது என்றாலும் காற்று எடுக்கத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஆட்டம். முன் வீலைத் தூக்கி 9 மணி, 3 மணி இடங்களைப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் வீலைத் திருப்பும் டை ரொட்டின் நுனி (டை ரொட் எண்ட்), அல்லது ஸ்டியரிங் ரெக்கோடு அது சேரும் உள் மூட்டு (ரெக் எண்ட்). ரெக்கின் ரப்பர் உறையை (பூட்) கையால் அழுத்தி உள் மூட்டைப் பிடித்திருக்கும்போது இன்னொருவர் ஆட்டினால் எது என்று விரலுக்குத் தெரியும். பிறகு 12 மணி, 6 மணி. அதில் ஆடினால் போல் ஜொயிண்ட் (ஆர்ம்மையும் வீலையும் இணைக்கும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பெயாரிங். பிரேக்கை அழுத்திக்கொண்டு திரும்ப ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பெயாரிங், நிற்காவிட்டால் ஜொயிண்ட்.

இதில் ஒரு பொறி உண்டு. ஈகே3 போன்ற, மேலும் கீழும் இரண்டு ஆர்ம் உள்ள காரில் ஸ்பிரிங்கின் பாரம் கீழ் ஆர்ம்மில் நிற்கிறது. காரின் உடலைத் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்ம்மைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கும், செத்த போல் ஜொயிண்ட்கூட ஆடாமல் நல்ல பிள்ளைபோல் நிற்கும். ஜக்கைக் கீழ் ஆர்ம்முக்கு அடியில், ஜொயிண்டுக்குப் பக்கத்தில் வைத்துத் தூக்கிப் பாருங்கள். கொரோலா, சன்னி போன்ற ஸ்ட்ரட் கார்களில் (மேல் ஆர்ம்முக்குப் பதில் ஷொக்கே வீலைப் பிடிப்பவை) மறுவளம்: காரின் உடலைத் தூக்கி, வீலைத் தொங்க விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கீழ் ஆர்ம் புஷ். டார்ச் அடித்துப் பாருங்கள். மேலால் ஓடும் சின்ன வெடிப்பு வயதுக்குறி, அதை விடலாம். ரப்பர் இரும்பை விட்டுக் கழன்றிருந்தாலோ, நடுக் குழாய் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தாலோ மாற்றுங்கள். பெரிய ஸ்க்ரூ டிரைவரால் மெல்லக் கிளப்பினால் நல்ல புஷ் இழுத்துப் பிடிக்கும், கிழிந்தது வாயைத் திறக்கும்.

காம்பர், காஸ்டர். இவ்வளவும் சரியான பிறகுதான் மெஷின். காம்பர் என்பது முன்னால் நின்று பார்த்தால் வீலின் தலை சாயும் கோணம் (வெளியே சாய்ந்தால் பிளஸ்), காஸ்டர் என்பது பக்கத்திலிருந்து பார்த்தால் வீல் திரும்பும் அச்சு பின்னுக்குச் சாயும் கோணம். தாளில் இடத்தையும் வலத்தையும் ஒப்பிட்டு வாசியுங்கள். காம்பர் எந்தப் பக்கம் பிளஸ்ஸுக்குக் கூடப் போகிறதோ அந்தப் பக்கம் இழுக்கும். காஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும். காஸ்டர் ஒரு பக்கம் மட்டும் தெளிவாகக் குறைந்திருந்தால் அந்த வீல் எப்போதோ கிடங்கில் விழுந்து, அல்லது நடைபாதைக் கல்லில் அடித்து, பின்னுக்குப் போயிருக்கிறது. வளைந்த ஆர்ம் மாற்றக்கூடியது. ஆர்ம் நேராக இருந்தும் எண் வித்தியாசப்பட்டால் ஆர்ம்களைத் தாங்கும் சப் ஃப்ரேம் நகர்ந்திருக்கலாம், அல்லது கார் பழைய விபத்தொன்றில் இருந்து எழும்பி வந்ததாக இருக்கலாம். அங்கே எங்கள் ஸ்பனர் வேலை முடிந்தது. சேசிஸ் அளக்கும் பெஞ்ச் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

முன் டோ (மேலிருந்து பார்த்தால் வீல்களின் முன்நுனி உள்ளே அல்லது வெளியே பார்க்கும் அளவு) மட்டும் கெட்டால் கார் ஒரு பக்கம் இழுப்பது அரிது. "இழுக்குது" என்றதும் டோவைத் திருகி அனுப்புகிற கடைகளில் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

## அறிகுறி 2: பிரேக் பிடித்தால் மட்டும் இழுக்கிறது

இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கப் பிரேக் வேலை செய்யவில்லை என்று எண்ணித் தொடங்குங்கள். நல்ல பக்கம் பிடிக்கிறது, சோம்பேறிப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. சறுக்கு பின், எண்ணெய் பட்ட பேட், அடைத்த ஹோஸ் என்ற வரிசையில் பாருங்கள். பிரேக் எல்லாம் ஒழுங்காக இருந்தும் இழுத்தால், பிரேக் பாரத்தில் ஆர்ம் பின்னுக்குப் போகிறது. அப்போது கீழ் ஆர்ம் புஷ்.

இந்த அறிகுறியோடு அதிவேக வீதியில் ஏறாதீர்கள். மேலோட்டமாகப் பார்த்துக் காரணம் கிடைக்கவில்லை என்றால் அன்றைக்கே பிரேக் தெரிந்த மெக்கானிக் பாஸிடம் விடுங்கள்.

## அறிகுறி 3: அழுத்தினால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம்

ஆக்ஸிலரேட்டரை அழுத்த வலம், விட இடம் என்று கார் அலைந்தால் புஷ் அல்லது இஞ்சின் மவுண்ட். பொனட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பிரேக்கையும் மிதித்து, ஒருவர் மெல்ல கிளட்ச்சை விட, பக்கத்தில் நின்று இஞ்சினைப் பாருங்கள். காருக்கு முன்னால் நிற்க வேண்டாம். இஞ்சின் எழும்பிக் குதித்தால் மவுண்ட் போய்விட்டது. பலமாக அழுத்தும்போது மட்டும் லேசாக ஒரு பக்கம் போவது முன் வீல் இழுவைக் கார்களுக்குப் பிறவிக் குணம். இறக்கிய பிறகு ட்ரைவ் ஷாஃப்ட் கோணம் மாறுவதால் அது கொஞ்சம் கூடலாம்.

## அறிகுறி 4: நேராகப் போகிறது, ஸ்டியரிங் கோணல்

முன் டோவைச் சரிசெய்தவர் ஸ்டியரிங்கை நடுவில் பூட்டாமல் இரண்டு டை ரொட்டையும் சமமில்லாமல் திருகியிருப்பார். திரும்பக் கொண்டுபோய்க் கேளுங்கள், காசு கொடுக்காதீர்கள். அது அவர் வேலை.

அங்கே சரியாக இருந்தால் பின்பக்கம் பாருங்கள். பின் வீல் இரண்டும் ஒரு பக்கம் பார்த்து நின்றால் கார் நண்டுபோல் போகும், முன்னால் நீங்கள் ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பிப் பிடித்தே ஓட்டுவீர்கள். ஈகே3 காரர்கள் பின் வீலை முன்னிருந்து பிடிக்கும் ட்ரெய்லிங் ஆர்ம்மின் பெரிய புஷ்ஷைப் பாருங்கள். வயதான காரில் அது கிழிந்திருக்கும், லோ பண்ணினதில் கோணல் முறுக்கும் சேரும். அது கிழிந்திருக்க எத்தனை அலைன்மென்ட் செய்தும் நிற்காது. அந்த புஷ்ஷை ஏற்ற பிரெஸ் வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றிய ஒன்றைக் கண்டிருக்கிறேன், வெளிக் குழாய் முட்டைபோல் நசுங்கி மூன்று மாதத்தில் திரும்ப வந்தது.

## அறிகுறி 5: டயரின் உள் விளிம்பு மட்டும் தேய்கிறது

லோ பண்ணின காரின் தேசிய நோய் இது. வெளியில் நின்று பார்த்தால் டயர் புதிது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி உள்ளே எட்டிப் பார்த்தால் கம்பி தெரியும். கம்பி தெரிந்த டயரில் இனி ஓட்டமில்லை, ஸ்பெயாரைப் போட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.

எல்லோரும் காம்பரைத் திட்டுகிறார்கள். கார் இறங்கினால் வீலின் தலை உள்ளே சாயும், காம்பர் மைனஸ் ஆகும், உண்மைதான். என் காரின் தாளில் முன் காம்பர் மைனஸ் 1.8 பாகை. ஆனால் அந்தக் காம்பரோடு, டோ பூச்சியத்துக்கு வந்த பிறகு, டயர் வருடக்கணக்கில் ஓடுகிறது. அதே காம்பரில் டோ வெளியே போயிருந்த காலத்தில் சில மாதத்தில் கம்பி தெரிந்தது. சாய்ந்து உருளும் டயர் மெல்லத் தேயும். கோணலாகப் பார்த்து உருளும் டயர் ஒவ்வொரு மீட்டரும் வீதியில் உரைத்துக்கொண்டே போகும். காம்பர் எந்த விளிம்பு என்று முடிவு செய்கிறது, டோ எவ்வளவு சீக்கிரம் என்று முடிவு செய்கிறது. உயரத்தை மாற்றும்போதெல்லாம் டை ரொட்டின் கோணம் மாறி டோவும் சேர்ந்து மாறும். ஸ்பிரிங் மாற்றிவிட்டு டோ பார்க்காமல் ஓடினால் நடப்பது இதுதான்.

### கையால் சோதிப்பது

டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவுங்கள், வெளியிலிருந்து உள்ளுக்கு, பிறகு உள்ளிலிருந்து வெளியே. இரண்டு பக்கமும் வழுவழுப்பு, ஒரு விளிம்பு மட்டும் தாழ்வு என்றால் காம்பர். ஒரு திசையில் வழுவழுப்பும் மறுதிசையில் அரம்போல் கீறலும் என்றால் டோ. உள்ளுக்குத் தடவும்போது மிருதுவாகவும் வெளியே இழுக்கும்போது கீறலாகவும் இருந்தால் டோ உள்ளே கூட. மறுவளமாக இருந்தால் டோ வெளியே.

### டேப்பால் சோதிப்பது

ஸ்டியரிங்கை நேராக வைத்து, காரைக் கையால் முன்னுக்கு இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். முன் டயர் இரண்டின் நடுக்கோட்டிலும், வீலின் அச்சு உயரத்தில், முன்பக்கமாகச் சோக்கால் ஒரு புள்ளி. இடைத்தூரத்தை அளவுங்கள். காரை அரைச் சுற்றுத் தள்ளி அதே புள்ளிகள் பின்னால் வந்ததும் திரும்ப அளவுங்கள். முன்பக்க அளவு கூட என்றால் வெளியே, பின்பக்க அளவு கூட என்றால் உள்ளே. மெஷினுக்கு ஈடில்லை, ஆனால் 5, 6 மி.மீ. பிழை தப்பாது. ஈகே3க்கு முன்பக்கம் பூச்சியத்தை ஒட்டியும் பின்பக்கம் சற்று உள்ளேயும் இருக்க வேண்டும்.

### செலவு ஏறும் ஒழுங்கு

முதலில் ஆடும் டை ரொட், புஷ். அடுத்தது டோ அலைன்மென்ட், பின்பக்கமும் சேர்த்து. அதற்குப் பிறகும் தேய்ந்தால் காரை 10, 15 மி.மீ. தூக்குங்கள். கொயில் ஓவரில் அது இலவசம், ஆனால் யாருக்கும் மனம் வராது. அதுவும் வேண்டாம் என்றால் நீளம் மாற்றும் மேல் ஆர்ம், பின்னுக்குக் காம்பர் கிட். ஈகே3இல் கம்பனி தந்த காம்பர் திருகாணி எதுவும் இல்லை. "காம்பரும் செட் பண்ணித் தாறேன்" என்று கிட் இல்லாமலே யாராவது சொன்னால் எங்கே திருகப்போகிறார் என்று காட்டச் சொல்லுங்கள்.

டயர் சுற்றிலும் மேடு பள்ளமாக, கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தால் அது அலைன்மென்ட் இல்லை, ஷொக். அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி 6: துள்ளல், அடி, கிடங்கில் இடி

மூலையை அமுக்கி விட்டு எத்தனை தரம் ஆடுகிறது என்று எண்ணுகிற பழைய சோதனை லோ பண்ணின காரில் செல்லாது. ஸ்பிரிங் கடினம், உங்கள் பாரத்துக்கு அது அசையவே அசையாது. ஷொக்கின் உடம்பைப் பாருங்கள். ஈரப் பூச்சு லேசாக இருக்கலாம். எண்ணெய் வடிந்து தூசியைப் பிடித்துக் கறுத்திருந்தால் செத்துவிட்டது.

வடியவில்லை, ஆனால் சின்ன மேட்டிலும் இடிக்கிறது: பம்ப் ஸ்டொப் (ஷொக் முழுக்க அமுங்கும்போது தடுக்கும் ரப்பர்). ஷொக் கம்பியில் ஒரு கேபிள் டையை மெல்லப் பூட்டிக் கீழே தள்ளிவிட்டு, நாரஹேன்பிட்ட ரயில் கடவை வழியாக ஒருதரம் ஓடி வாருங்கள். டை மேலே பம்ப் ஸ்டொப்பிலேயே போய் ஒட்டியிருந்தால் ஷொக்குக்கு ஓட இடமில்லை. வளைவில் இப்படி இடித்தால் கார் திடீரென ஒரு பக்கம் குதிக்கும், மழையில் அது ஆபத்து. உயரத்தைக் கூட்டுங்கள், அல்லது இறக்கத்துக்கென்று செய்த குட்டை ஷொக் போடுங்கள். கம்பனி உயரத்து ஷொக்கில் லோ ஸ்பிரிங் போட்டால் அது எப்போதும் கீழ்ப் பாதியில் வேலை செய்து சீக்கிரம் போய்விடும்.

ஸ்பிரிங்கை வெட்டியோ நெருப்புக் காட்டியோ இறக்கியிருக்கிறது: சோதனை தேவையில்லை, மாற்றுங்கள். வெட்டிய நுனி இருக்கையில் உட்காராது. வீல் தொங்கும்போது ஸ்பிரிங் கழன்று திரும்பி வேறு இடத்தில் உட்கார்ந்துவிடும். நெருப்புக் காட்டியது போகப் போக இன்னும் இறங்கும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரேயளவாக இறங்காது.

## அறிகுறி 7: சத்தம்

சத்தத்தில் நான் பலதரம் ஏமாந்திருக்கிறேன். ஒருமுறை இடது முன்பக்கத்தை முழுக்கக் கழற்றிப் பூட்டிய பிறகும் "டக் டக்" நிற்கவில்லை. கடைசியில் டிக்கியில் ஸ்பெயார் வீலின் நட் தளர்வு. அதனால் முதலில் டிக்கியைக் காலி செய்துவிட்டு ஓடுங்கள்.

உடைந்த வீதியில் சின்னச் சின்ன "டக டக": ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் சாய்வைக் குறைக்கும் குறுக்குக் கம்பியை ஆர்ம்மோடு இணைக்கும் சின்னத் தண்டு). இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு லேனுக்குள் மெதுவாக ஓடுங்கள். சத்தம் போனால் அதுதான். மலிவு, நீங்களே பூட்டலாம்.

பிரேக் பிடிக்க, ரிவேர்ஸ் எடுக்க ஒரேயொரு "டொக்": கீழ் ஆர்ம் புஷ், அல்லது கலிப்பர் போல்ட் தளர்வு. போல்ட்டை இன்றே பாருங்கள்.

நிற்கும் காரில் ஸ்டியரிங்கைத் திருப்ப "டொங்" என்று கம்பி அதிர்வு: ஸ்ட்ரட் கார்களில் மேல் மவுண்ட் பெயாரிங். ஈகே3இல் ஷொக் ஸ்டியரிங்கோடு திரும்புவதில்லை, ஆகவே அங்கே போல் ஜொயிண்டைப் பாருங்கள்.

முழுக்கத் திருப்பி ஓட "டிக் டிக் டிக்": ட்ரைவ் ஷாஃப்டின் வெளி ஜொயிண்ட். பூட் கிழிந்து கிரீஸ் ரிம்மின் உட்பக்கம் தெறித்திருக்கும். சத்தம் வருமுன் பூட் கிழிவைக் கண்டால் பூட்டும் கிரீஸும் மட்டும் செலவு.

வேகத்தோடு ஏறும் "உம்ம்" முழக்கம்: வீல் பெயாரிங். ஓடும்போது மெல்ல வலப்பக்கம் வளையுங்கள். முழக்கம் கூடினால் பாரம் விழுந்த இடப்பக்கம். 2016 மே வெள்ளத்தில் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் அச்சளவு தண்ணீரில் நின்ற கார்கள் பல பிறகு இந்த முழக்கத்தோடு வந்தன. வெள்ளத்தில் நின்ற காரை வாங்கினால் நாலு பெயாரிங்கையும் சந்தேகியுங்கள். ஈகே3இல் முன் பெயாரிங்குக்கும் பிரெஸ் வேண்டும், கராஜுக்குக் கொடுங்கள்.

திருப்பத்தில் "ஸ்ர்ர்": டயர் மட்கார்ட் உள்ளில் உரைகிறது. பளபளப்பாகத் தேய்ந்த இடத்தைத் தேடுங்கள். உள்ளே ஓடும் வயர்க் கட்டையும் பாருங்கள், டயர் அதைத் தின்றால் செலவு வேறு கணக்கு.

## அறிகுறி 8: ஸ்டியரிங் நடுக்கம்

80இல் தொடங்கி 100 கி.மீ.யை எட்ட நடுங்கினால் வீல் பெலன்ஸ். மழைக்காலத்தில் முதலில் ரிம்முக்குள் ஒட்டிய சேற்றைச் சுரண்டுங்கள், பாதிப் பேருக்கு அதோடு தீரும். பெலன்ஸ் செய்தும் போகாவிட்டால் ரிம்மின் நடு ஓட்டை. ஹொண்டாவின் ஹப் 64.1 மி.மீ. வாங்கிப் போட்ட ரிம்களில் பல அதைவிடப் பெரிய ஓட்டையோடு வரும், இடைவெளிக்கு ஒரு வளையம் வேண்டும். வளையம் இல்லாமல் பூட்டினால் வீல் நடுவில் உட்காராது, எத்தனைதரம் பெலன்ஸ் செய்தாலும் நடுங்கும். பூட்டும்போது காரைத் தூக்கி வைத்தே நட்டைக் குறுக்குக் குறுக்காக இறுக்கி, இறக்கிய பிறகு 108 நியூட்டன் மீட்டரில் முடியுங்கள்.

50 சுவர் (பக்கச் சுவர் உயரம் குறைந்த) டயரும் கிடங்கும் சந்தித்தால் ரிம் வளையும். தூக்கிச் சுழற்றி, ஒரு தடியை விளிம்புக்குக் கிட்டப் பிடித்தால் தெரியும். டயர்ச் சுவரில் கொப்புளம் கண்டால் அந்த டயர் அன்றோடு முடிந்தது.

பிரேக் பிடித்தால் மட்டும் நடுங்குவது டிஸ்க்.

## அறிகுறி 9: திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வருவதில்லை

காற்று, பவர் ஸ்டியரிங் எண்ணெய், பெல்ட் மூன்றையும் பாருங்கள். மூன்றும் சரி என்றால் முன்பக்கம் முழுக்கத் தூக்கி, இஞ்சினை நிறுத்தி, ஸ்டியரிங்கைக் கையால் திருப்புங்கள். ஓரிடத்தில் பிடித்துப் பிடித்து வந்தால் ஸ்டியரிங் தண்டின் (கோலம்) ஜொயிண்ட், இறுகிய போல் ஜொயிண்ட் அல்லது ரெக். ரெக்கின் அடியில் உள்ள நட்டைத் திருகி ஆட்டத்தை எடுக்கலாம் என்று சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். கூட இறுக்கினால் வளைவில் ஸ்டியரிங் அப்படியே நின்றுவிடும். ரெக் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## சாமான் வாங்கவும் பூட்டவும்

பஞ்சிகாவத்தையில் ஜப்பான் பழைய சாமான் வாங்குவதில் எனக்கு வெட்கமில்லை. ஹப், நக்கிள், வளையாத ஆர்ம் எல்லாம் அங்கே வாங்கியவைதான். ரப்பர் உள்ளது எதையும் பழசாக வாங்க மாட்டேன். அந்த புஷ்ஷுக்கும் என் காரின் வயதுதான். போல் ஜொயிண்ட், டை ரொட் புதிதாக எடுங்கள். பெயர்போன ஜப்பான் பெட்டிக்குள் போலியும் வரும்: பூட் ரப்பர் கடினமாக, அச்செழுத்து மங்கலாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

புஷ் உள்ள ஆர்ம்மின் போல்ட்டைக் கார் ஜக்கில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்காதீர்கள். வீலில் பாரம் விழுந்து, ஓடும் உயரத்தில் நிற்கும்போது இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் இறங்கியதும் ரப்பர் முறுகியே நிற்கும், லோ பண்ணின காரில் அந்த முறுக்கு இரட்டிப்பு. "புது புஷ்ஷும் ஆறு மாதத்தில் கிழிஞ்சுது" என்று வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

## நீங்களே செய்யாமல் விட வேண்டிய இடங்கள்

போல் ஜொயிண்டில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள். அது கழன்றால் வீல் மடிந்து விழும். ஆர்ம், ஷொக் பூட்டும் இடங்களில் துரு உதிர்ந்து துவாரம் விழுந்திருந்தாலும் அப்படியே. மரைன் டிரைவ் ஓரம் வருடக்கணக்கில் கடற்காற்றில் நின்ற கார்களில் இதைத் தேடிப் பாருங்கள். ஸ்பிரிங் கம்பிரஸர் இல்லாமல் ஸ்ட்ரட்டின் மேல் நட்டைத் தொடாதீர்கள். இவற்றில் வெல்டிங் தேவை என்று பாஸ் சொன்னால், எந்த இடத்தில் என்று காரின் கீழ் நின்று காட்டச் சொல்லுங்கள்.

அலைன்மென்டுக்குப் போகும் நாளில் பெற்றோல் அரை டேங்க், டிக்கியில் வழக்கமான பாரம். நாலு வீலும் அளக்கச் சொல்லுங்கள். செய்யுமுன் ஒரு தாள், செய்த பின் ஒரு தாள், இரண்டையும் வாங்குங்கள். புது ஸ்பிரிங் போட்டிருந்தால் ஒரு 500 கி.மீ. ஓடி, அது உட்கார்ந்த பிறகு போங்கள். புறப்படுமுன் நாலு மூலை உயரத்தையும் அந்தத் தாளின் பின்னால் எழுதி டாஷ்போர்டுக்குள் வையுங்கள். அடுத்த முறை கார் இழுக்கத் தொடங்கும்போது நான் முதலில் கேட்பது அந்த நாலு எண்களைத்தான்.